நர்ஸ் மகள் செமினரிக்குப் போகட்டும், மனையை விற்க வேண்டாம்

பி.எஸ்சி. நர்சிங் முடித்துத் தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் மகள், இனி ஊழியத்துக்குப் படிக்கப் போவதாகச் சொன்னதிலிருந்து வீட்டில் நிம்மதி போய்விட்டது என்று திருநெல்வேலியிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். பெந்தெகொஸ்தே குடும்பம் என்பதால் ஊழியத்தை யாரும் தடுக்கவில்லை. டல்லாஸில் இருக்கும் பெரியப்பாதான், படிப்பதென்றால் அமெரிக்க செமினரியில், அதாவது இறையியல் கல்லூரியில், எம்.டிவ். என்ற முதுநிலைப் பட்டம் படிக்கட்டும், இங்குள்ள பட்டத்தை யார் மதிப்பார்கள் என்று வற்புறுத்துகிறாராம். அதற்காகப் பாளையங்கோட்டைப் பக்கம் வாங்கிப் போட்ட மனையை விற்கலாமா என்பது கேள்வி. உங்கள் கலக்கம் புரிகிறது அம்மா, ஆனால் விற்காதீர்கள்.

அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் அசெம்பிளீஸ் ஆஃப் காட் சபையாரும் கிளீவ்லாந்தில் சர்ச் ஆஃப் காட் சபையாரும் நடத்தும் செமினரிகள் தரமானவை என்பதில் எனக்கு ஐயமில்லை. என் ஆட்சேபம் கணக்கைப் பற்றியது. எம்.டிவ். பட்டத்துக்குக் குறைந்தது 72 கிரெடிட் வேண்டும். அது ஏறக்குறைய மூன்றாண்டுப் படிப்பு. முதலாண்டுச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே காட்டினால்தான் மாணவர் விசாவுக்கான தாளே கைக்கு வரும். படிக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய முடியாது. படிப்புக்குப் பின் ஊழியராக அங்கே நீடிக்க வேண்டுமானால், ஒரு சபை முன்வந்து, மத ஊழியர்களுக்கான ஆர்-1 விசாவுக்கு மனுச் செய்ய வேண்டும். அதுவும் ஐந்தாண்டுக்கு மேல் நீளாது. ஊர் திரும்பினாலோ, காணிக்கையை நம்பி நடக்கும் சபையின் சம்பளத்தில் டாலர் கடனை அடைக்க வழியே இல்லை. பெரியப்பாவின் மனத்தில் இருப்பது அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்கவைக்கும் கிரீன் கார்டா, ஊழியமா என்பதையும் ஒருமுறை மென்மையாகக் கேட்டுவிடுங்கள்.

உள்நாட்டு வழிகளை நீங்களே அறிவீர்கள். வங்காளத்திலுள்ள செராம்பூர் கல்லூரியின் செனட் வழங்கும் பி.டி. என்ற இறையியல் பட்டத்துக்கு 1827-ஆம் ஆண்டின் டேனிஷ் அரச சாசனமும் 1918-ஆம் ஆண்டின் வங்காளச் சட்டமும் பின்பலம். ஆசிய இறையியல் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற எம்.டிவ். படிப்பில் எந்தத் துறைப் பட்டதாரியும் சேரலாம். இரண்டாவதை அரசு வேலைக்கான தகுதியாக எண்ணி யாரும் சேர வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: இரவுப் பணி முடிந்த பிறகும், உறவினர் வராத நோயாளிகளின் அருகில் உட்கார்ந்துவிட்டுத்தான் மகள் வீடு திரும்புகிறார். பிரசங்க மேடையைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடப் பேசியதாக நீங்கள் எழுதவில்லை. அவருடைய நாட்டம், நோயாளிகளுக்கு ஆன்மிகத் துணையாக நிற்கும் மருத்துவமனை சேப்ளின் பணியில் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன். நம் பெந்தெகொஸ்தே குடும்பங்களில் ஊழியம் என்றாலே சபை தொடங்குவது என்று எண்ணிப் பழகிவிட்டதால் இந்த வழி யார் கண்ணிலும் படுவதில்லை. பெண்களுக்கு மேடை தராத சபைகள் இன்னும் பல இருக்கும் நிலையில், இது எண்ணிப் பார்க்க வேண்டிய வழி.

இதற்கான பயிற்சிக்கு மருத்துவமனை மேய்ப்புப் பயிற்சி (கிளினிக்கல் பாஸ்டரல் எஜுகேஷன்), சுருக்கமாக சி.பி.இ., என்று பெயர். தாமே மனநோயாளியாக மருத்துவமனையில் இருந்து மீண்ட ஆன்டன் பாய்சன் என்ற போதகர், 1925-இல் மாசசூசெட்ஸின் வூஸ்டர் மனநல மருத்துவமனையில் இறையியல் மாணவர்களை வார்டுக்குள் அழைத்துச் சென்றதிலிருந்து இது வளர்ந்தது. அமெரிக்க முறையில் ஓர் அலகுக்கு 400 மணி நேரம். மாணவர் நோயாளியைச் சந்தித்துவிட்டு வந்து, அவர் சொன்னது, தாம் சொன்னது, நடுவில் நேர்ந்த மௌனம் எல்லாவற்றையும் நினைவிலிருந்து நாடக உரையாடல்போல் வரிக்கு வரி எழுத வேண்டும். இதை வெர்பேட்டிம் என்பார்கள். பிறகு அதைப் பயிற்றுநரும் சக மாணவர்களும் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார்கள். நோயாளி "எனக்குப் பயமாக இருக்கிறது" என்றதும் மாணவர் சட்டென்று தலையில் கைவைத்துச் சுகத்துக்காக ஜெபித்திருந்தால், பயம் யாருக்கு, ஜெபம் யாருடைய தேவைக்காக என்று கேட்பார்கள். சுகமளிக்கும் ஜெபத்தில் ஊறி வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இது கடினமான இடம். ஜெபத்தை விட்டுவிடும்படி யாரும் சொல்வதில்லை. முதலில் கேட்கப் பழகச் சொல்கிறார்கள். உங்கள் மகள் அதைப் பாதி கற்றுக்கொண்டே வருகிறார்.

இந்தப் பயிற்சிக்குக் கடல் கடக்க வேண்டியதில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் சேப்ளின் துறை இதை அளிக்கிறது. ஆகவே உள்நாட்டில் ஒரு பெந்தெகொஸ்தே செமினரியில் எம்.டிவ்., அதோடு சி.பி.இ. என்பதே என் பரிந்துரை. சேப்ளின் பணியிடங்கள் குறைவு என்பதையும் மறைக்க மாட்டேன். அதனால்தான் நர்சிங் கவுன்சில் பதிவை எக்காரணத்தாலும் காலாவதியாக விடக் கூடாது என்கிறேன். விடுமுறையில் பணிக்குச் சென்று கட்டணத்தில் ஒரு பகுதியை அவரே ஈட்டலாம், பின்னாளில் அந்தப் பதிவே அவருக்குச் சோறு போடலாம்.

செமினரிகள் பெரும்பாலும் ஜூனில் தொடங்குகின்றன. விண்ணப்பத்தோடு மனந்திரும்பிய சாட்சியையும் பாஸ்டரின் பரிந்துரைக் கடிதத்தையும் கேட்பார்கள். சாட்சியை மகளே எழுதட்டும், பாஸ்டரிடமும் அவரே போய்க் கேட்கட்டும். நீங்கள் உடன் போக வேண்டாம். பெரியப்பா உதவியே தீருவேன் என்றால், விடுதிக் கட்டணத்தை அவர் ஏற்கட்டும்.