வாக்குத்தத்த வசனமும் தறிக் கடனும்

வணக்கமுங்கண்ணா. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில், புது வருஷத்துக்குத் தேவன் தரும் வாக்காக எடுத்துக்கொள்ளும் வாக்குத்தத்த வசனமாக, பைபிளில் எரேமியா 29:11 (நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவைக் கொடுப்பேன் என்று தேவன் சொல்வது) கிடைத்ததை நம்பி, விசைத்தறி ஊரான சோமனூரில் கடன் வாங்கி இன்னும் நான்கு தறி போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முந்தின வசனத்தையும் படியுங்கள், 70 வருஷம் முடிந்த பிறகுதான் என்று இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், இருக்கிற ஊருக்காக ஜெபியுங்கள் என்கிறது. உடனடி லாபத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று லூக்கா 14:28இல் இயேசுவே சொல்கிறார். சரி, கூலி, கரண்ட் பில், வட்டி மூன்றையும் எழுதிப் பாருங்கள். ஜவுளிக்காரர்களோடு நெசவுக் கூலிப் பேச்சு இழுத்துக்கொண்டு தறி நிற்கும் மாதத்திலும் தவணை கட்ட முடியுமா? முடியாதென்றால் இப்போதைக்குப் பழைய தறியே போதுங்க. விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் (சொல்வார்கள்) காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அப்புறம், கணக்குப் போடும்போது அண்ணியையும் கூட உட்கார வையுங்கள்.