கல்லை மிதிக்காத தேசம்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். நலம்தானே? அமெரிக்க எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சனின் ‘ஸ்டார்ம்லைட் ஆர்க்கைவ்’ என்ற மாயாஜாலக் கதைத் தொடரை நான் கல்லூரியில் படிக்கும்போதே பிடித்துக்கொண்டேன். அதன் ஐந்தாவது புத்தகம் ‘விண்ட் அண்ட் ட்ரூத்’ 2024 டிசம்பரில் வந்தது. வந்ததும் வாங்கி வைத்துவிட்டேன். ஆனால் எங்கள் ஊர் அரிட்டாபட்டிக்குப் பக்கம். அந்த மாதம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராக ஊருக்கு ஊர் கூட்டம். ஜனவரியில் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு நடந்தவர்களில் நானும் ஒருவன். ஏலம் ரத்தாகி ஊர் அடங்கிய பிறகும் வயல் வேலை, அக்கா கல்யாணம் என்று நாள் ஓடிவிட்டது. இப்போதுதான் புத்தகத்தைத் திறந்தேன்.

கதை பத்து நாட்களில் நடக்கிறது. பாகத்துக்கு ஒரு நாள். பத்தாம் நாள் மனிதர் படைகளின் தலைவன் டாலினார் தரப்புக்கும் ஓடியம் என்கிற தெய்வத்தின் தரப்புக்கும் ஒற்றைக்கு ஒற்றை மோதல். உலகத்தின் தலையெழுத்தே அதில்தான். நான் மூன்றாம் நாளில் இருக்கிறேன். முதலில் மனதில் பட்டதைச் சொல்கிறேன். இவ்வளவு நெருக்கடியில் யாருக்குமே அவசரம் இல்லை. ஆளாளுக்கு நின்று பேசுகிறார்கள். பேச்சும் கல்லூரியில் எங்களுக்கு நடத்திய கவுன்சலிங் வகுப்பு மாதிரி இருக்கிறது. நாயகர்களில் ஒருவனான கலாடின் யாருக்காவது ஆறுதல் சொல்ல ஆரம்பித்தாலே பக்கத்தைத் தள்ளிவிடுகிறேன்.

ஆனால் ஸெத்தின் சிறுவயதுக் கதை வரும் அத்தியாயங்கள் தூங்கவிடவில்லை. அவன் ஊரான ஷினோவாரில் கல் புனிதம். அதன்மேல் கால் படக்கூடாது. ஆடு மேய்க்கும் குடும்பத்துப் பையனான ஸெத், மண்ணுக்குள்ளிருந்து ஒரு கல் தலைகாட்டுவதைக் கண்டுபிடிக்கிறான். வீடே கலங்கிப்போகிறது. இதை அப்பத்தாவிடம் சொன்னேன். “கல்லுன்னா சாமிதானடா, இதுல என்ன கதை இருக்கு” என்றது. எனக்கு அந்தப் பக்கங்களில் அரிட்டாபட்டியின் கழிஞ்சமலைதான் தெரிகிறது. சாண்டர்சன் எங்கள் கதையைத்தான் எழுதியிருக்கிறார் என்று நண்பர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள்.

மற்றதையெல்லாம் தாண்டிவிட்டு ஷினோவாரை மட்டும் படிக்கலாமா? இவ்வளவு சீக்கிரம் ஒரு புத்தகத்தைப் பற்றி முடிவுக்கு வருவது தப்பா?

அன்புடன்,
செ., மேலூர்

*

அன்புள்ள செ.,

தாராளமாகத் தாண்டலாம். 1300 பக்கங்களுக்கு மேல் போகும் புத்தகத்தை வரி விடாமல் படிப்பதாக நீங்கள் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. எதைத் தாண்டுவது என்பதில்தான் உங்களோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

ஷினோவாரிலிருந்தே தொடங்குகிறேன். இந்தத் தொடரைப் படிக்காதவர்களுக்காக நாலு வரி. ரோஷார் என்கிற அந்த உலகத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பெரும்புயல் திரும்பத் திரும்ப அடிக்கும். அதன் மழையில் கரைந்து வரும் வண்டல் காய்ந்தால் கல்லாகிவிடும். அதனால் நிலமெல்லாம் பாறை. ஆள் நடந்தால் புல் வளைக்குள் இழுத்துக்கொள்ளும், செடி ஓட்டுக்குள் சுருண்டுகொள்ளும், வண்டி இழுக்கும் மிருகத்துக்கும் நண்டு ஓடு. வீடுகள் கிழக்கே முதுகைக் காட்டி நிற்கும். மேற்குக் கோடியில், மலைகளுக்குப் பின்னால் ஒதுங்கிக் கிடக்கும் ஷினோவாரில்தான் நம் கண்ணுக்குப் பழகிய மண் உண்டு. குதிரையும் கோழியும் அங்கிருந்து வந்தவைதான். மற்ற நாட்டுக்காரர்கள் எந்தப் பறவையைப் பார்த்தாலும் கோழி என்கிறார்கள். எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும் இடம் அது.

2010இல் வந்த முதல் புத்தகத்தில் இந்த ஊருக்கென்று சின்னதாக ஓர் இடையீட்டு அத்தியாயம் வரும். ரைஸ்ன் என்ற இளம்பெண், தொழில் சொல்லிக்கொடுக்கும் வியாபாரியோடு ஷினோவாருக்கு உலோகம் விற்கப் போகிறாள். மிதித்தாலும் அசையாமல் கிடக்கும் புல்லைப் பார்த்து, இதற்கு அறிவே கிடையாதா என்று நினைக்கிறாள். நீங்களும் நானும் தினம் வரப்பில் மிதிக்கிற புல். அதை விசித்திரமாக்கிக் காட்டிய அந்தப் பக்கத்துக்காகவே நான் இந்த மனுஷனை விடாமல் படித்தேன். கடைசியில் அந்தப் புல்லில் ஒரு தொட்டி அவளுக்கே பரிசாக வருகிறது.

அங்கே இன்னொன்றும் இருக்கிறது, நீங்கள் மறந்திருக்கலாம். ஷினோவார்க்காரர்கள் பாறையைத் தோண்டி எடுத்த உலோகத்தை வாங்கமாட்டார்கள். மந்திரத்தால் உருமாற்றிச் செய்ததுதான், கல்லிலிருந்து எடுத்ததல்ல என்று வியாபாரி உறுதி சொன்ன பிறகுதான் பேரமே தொடங்கும். டங்ஸ்டன் வேண்டாம் என்று ரோட்டில் நடந்த நீங்கள் இந்த இடத்தைத் திரும்ப ஒருமுறை படித்துப் பாருங்கள். கழிஞ்சமலை கண்ணில் தெரிவதில் ஆச்சரியமே இல்லை.

மரியாதை வரிசையும் அங்கே தலைகீழ். உழுகிறவன் உச்சியில். வண்ணத் துணி உடுத்தும் உரிமை அவனுக்கு. ஆயுதம் எடுத்தவன் எல்லாருக்கும் அடியில், கிட்டத்தட்ட அடிமை. உழவன் உலகத்தில் எதையோ கூட்டுகிறான், சிப்பாய் எதையோ கழிக்கிறான் என்பது அவர்கள் கணக்கு. பெரியாறு வாய்க்கால் கடைமடையில் தண்ணீருக்கு மனு எழுதிவிட்டுக் காத்திருக்கும் மேலூர்ச் சம்சாரியிடம் இதைச் சொன்னால், அந்த ஊருக்கு பஸ் எங்கே கிளம்புகிறது என்று கேட்பார். ஆனால் சாண்டர்சன் இதை உழவர் வாழ்த்தாக விட்டுவிடவில்லை. அடியில் தள்ளப்பட்டவனின் கண்ணால் அந்த ஊரைக் காட்டுகிறார். ஒரு கல்லைக் கண்ட பையனை அவன் ஊரின் பக்தி எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதுதான் நீங்கள் தூங்காமல் படிக்கும் கதை. ரைஸ்னோடு 2010இல் அந்த எல்லையை மிதித்தவர்கள் இதற்காக 14 வருடம் காத்திருந்தார்கள்.

அதற்காக ‘எங்கள் கதை’ என்று நீங்கள் சொல்வதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். ஷினோவாரில் கல்லைத் தொடாமல் இருப்பது பக்தி. கழிஞ்சமலையில் நடந்ததோ நேர் எதிர். சமணர் படுக்கை, தமிழி எழுத்தில் வெட்டிய கல்வெட்டு, பாண்டியர் காலத்தில் பாறையைக் குடைந்து எடுத்த சிவன் கோயில், அங்கே சிவனின் அவதாரமாகக் கருதப்படும் இலகுலீசர் சிற்பம். இரண்டாயிரம் வருடமாக உளியும் கையுமாகத்தான் அந்த மலையைக் கும்பிட்டிருக்கிறார்கள். அதன்மேல் படுத்திருக்கிறார்கள், ஆடு மேய்த்திருக்கிறார்கள், சுனையில் தண்ணீர் குடித்திருக்கிறார்கள். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தபோது அரசு கொடுத்த கணக்கில் 72 ஏரிகளும் 200 சுனைகளும் வருகின்றன. உங்கள் ஊர் ரோட்டுக்கு வந்தது மலையை யாருமே தொடக்கூடாது என்பதற்காகவா? புழங்குகிறவர்கள் தொடர்ந்து புழங்க வேண்டும் என்பதற்காகத்தானே. கீழவளவுப் பக்கம் கிரானைட்டுக்காக அறுத்துப் போட்ட குன்றுகளைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு, உளிக்கும் அறுப்பு எந்திரத்துக்கும் வித்தியாசம் நான் சொல்ல வேண்டியதில்லை. ஷினோவாரின் ஆசாரத்தில் அந்த வித்தியாசத்துக்கே இடம் கிடையாது. ஸெத் அதில்தான் நசுங்குகிறான். அப்பத்தா சொன்னதில் தப்பில்லை. அவர் சொன்னது வேறு சாமி.

கவுன்சலிங் வகுப்புப் புகாரில் எனக்கும் பாதிப் பங்கு உண்டு. ஆனால் காரணத்தைக் கொஞ்சம் தோண்டிப் பார்க்கலாம். சாண்டர்சன் விதி போட்டு எழுதுகிறவர். மந்திரத்தின் விதி வாசகருக்கு எந்த அளவுக்குப் புரிந்திருக்கிறதோ, அந்த அளவுக்குத்தான் அதைக் கொண்டு கதைச் சிக்கலை அவிழ்க்கலாம் என்று கட்டுரையே எழுதியிருக்கிறார். இந்தத் தொடரில் அவர் போட்ட பெரிய விதி, வீரனுக்குச் சக்தி வேண்டுமென்றால் அவன் ஒரு சபதத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது. உள்ளுக்குள் திருந்தினால் போதாது. அப்படிப்பட்ட உலகத்தில் ஆட்கள் தங்கள் மனசைப் பேசிக்கொண்டேதான் இருப்பார்கள்.

முதல் புத்தகத்தில் இது பலித்ததற்குக் காரணம் சபதத்துக்கு முன்னால் இருந்த நீண்ட மௌனம். அம்பு மழைக்குள், படை பள்ளங்களைத் தாண்டுவதற்கான மரப்பாலத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு கலாடின் ஓடுகிறான், மிஞ்சியவர்களுக்குக் காயம் கட்டுகிறான், மறுபடி தூக்குகிறான். அவனுக்கு என்ன நோய் என்று யாரும் பெயர் சொல்லவில்லை. நமக்குத் தெரிந்துவிட்டது. 2020இல் வந்த நான்காவதில்கூட, இருட்டறைகளில் தனித்தனியாக அடைத்து வைத்திருந்த மனம் நொந்தவர்களை அவன் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து ஒன்றாக உட்கார வைக்கிறான். அங்கே கை வேலை செய்கிறது. ஐந்தாவதில் வாய் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. மந்திரத்துக்குப் போட்ட கணக்கையே மனசுக்கும் போட்டுப் பார்க்கிறார், விடை வரவில்லை. ஸெத்தின் அத்தியாயங்களில் ஒரு கல், கொஞ்சம் ஆடுகள், என்ன செய்வதென்று தெரியாத ஒரு அப்பா. அதற்கு விளக்கவுரை தேவைப்படவில்லை.

ஆனால் யாருக்கும் அவசரமில்லை என்று ஆசிரியருக்கு நீங்கள் நடத்தியிருக்கும் மண்டகப்படியில் நான் அவர் பக்கம். மதுரைப் பக்கத்து ஆள் இதைக் குறையாகச் சொல்லலாமா? தங்கை கல்யாணத்துக்கு என்று அழகர் மலையை விட்டு இறங்குகிறார். நேரமாகிறது. வழிநெடுக நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள், ஒன்று விடாமல் நின்று நின்று வருகிறார். ஆற்றுக்கு வருவதற்குள் கல்யாணம் முடிந்துவிடுகிறது. மூன்றுமாவடியில் எதிர்சேவைக்கு நிற்கும் ஜனம் அவரைச் சீக்கிரம் போகச் சொல்லி என்றைக்காவது கத்தியிருக்கிறதா? நம் பந்தலில் நின்றாரா, எவ்வளவு நேரம் நின்றார் என்பதுதானே பேச்சு.

அஸிமிர் நகர முற்றுகையை அந்தப் பொறுமையோடு படியுங்கள். அதற்குள் போன, டாலினாரின் மகன் அடோலினுக்கு இந்தத் தொடரின் மற்ற நாயகர்களுக்கு இருக்கும் சக்திகள் கிடையாது. கையில் இருப்பது சொற்பப் படை. இவ்வளவுக்கும் நடுவில் பேரரசராக உட்கார வைக்கப்பட்ட ஒரு பையனுக்கு அவன் ஓர் ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறான். போர் நடக்கும்போது இது எதற்கு என்று உங்களுக்குப் பக்கத்தைத் தள்ளத் தோன்றும். தள்ளாதீர்கள். சடங்குகளுக்குள் புதைந்து கிடக்கும் அந்தப் பையன் ஒரு மனிதனாகத் தெரிய ஆரம்பிப்பதே அங்கேதான். அவனைத் தெரியாமல் மதில் விழுந்தால் என்ன, நின்றால் என்ன?

எல்லா நிறுத்தத்தையும் நான் ஆதரிக்கவில்லை. டாலினாரும் அவன் மனைவி நவானியும் பழைய காலக் காட்சிகளுக்குள் அலையும் பகுதி எனக்கு நல்ல சலிப்பு. தன் உலகத்தின் வரலாற்றில் பாக்கியிருந்த கேள்விகளுக்கு ஆசிரியர் அங்கே உட்கார்ந்து பதில் எழுதுகிறார். புயல் கிடையாது, பசி கிடையாது, மண் கிடையாது. காலுக்குக் கீழே தரை இருக்கிறவரைக்கும்தான் சாண்டர்சன் பெரிய எழுத்தாளர் என்பது என் கட்சி. அவருடைய தெய்வங்களைவிட அவருடைய புல் எனக்கு முக்கியம். தாண்டுவதென்றால் அங்கே தாண்டுங்கள், கதை விட்டுப்போகாத அளவுக்கு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு.

சீக்கிரம் முடிவுக்கு வருவது தப்பில்லை. மூன்றாம் நாளில் சலித்தது சலித்ததுதான், பத்தாம் நாள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது மாறப்போவதில்லை. ‘பொன்னியின் செல்வன்’ 1950இலிருந்து 1954 வரை ‘கல்கி’யில் வாரா வாரம் வந்தபோது, முடியட்டும் பிறகு பேசலாம் என்று வாயை மூடிக்கொண்டு யார் இருந்தார்கள்? ஒன்றை மட்டும் கணக்கில் வையுங்கள். பத்து புத்தகமாக, ஐந்தும் ஐந்துமாகத் திட்டமிட்ட தொடர் இது. இது முதல் பாதியின் முடிவு. முன்னால் நான்கு புத்தகங்கள் வாங்கிய கடன் இதன் தலையில். அடுத்த பாதிக்கு முன் வேறு தொடர்களை எழுதப்போவதாக அவர் சொல்லியிருப்பதால் இடைவெளியும் நீளம்.

இந்த வகை எழுத்தில் ஐந்தாவதைத் தாண்டுவதே பெரும்பாடு. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ஐந்தாவது 2011இல் வந்தது, அவர் வாசகர்கள் அதற்குப் பிறகு காத்திருக்கிற கதை உங்களுக்கே தெரியும். ராபர்ட் ஜோர்டான் 2007இல் காலமான பிறகு அவருடைய தொடரை எடுத்து 2013இல் முடித்துக் கொடுத்தவர் இதே சாண்டர்சன். அடுத்தவர் வீட்டுக் கதையையே முடித்துக் கொடுத்த ஆள் தன் கதையை நடுவில் விட்டுப் போகமாட்டார் என்ற தைரியத்தில்தான் நானும் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

சிரித்த நண்பர்களிடம் இந்த ஐந்தாவதைக் கொடுத்துவிடாதீர்கள், தலையும் புரியாது வாலும் புரியாது. 2010 புத்தகத்தைக் கொடுங்கள், ரைஸ்ன் வரும் இடத்தில் ஒரு காகிதம் செருகி. ஏழாம் நாளைத் தாண்டியதும் எனக்கு எழுதுங்கள். ஸெத்தின் அப்பாவைப் பற்றி நான் நினைப்பது உங்களுக்குப் பிடிக்காது என்று நினைக்கிறேன். அந்தச் சண்டையை அப்போது வைத்துக்கொள்வோம்.