கேளுங்க டாக்டர்: தொடை வழியா வயர் விட்டு வயித்து ரத்தத்த நிறுத்த முடியுமா?

கேள்வி: டாக்டர், அப்பாவுக்கு 63 வயசு, ஈரல் சுருங்கிருச்சு. போன மாசம் ரத்த வாந்தி எடுத்தார், ஸ்கோப் விட்டு பசை வச்சு அடைச்சாங்க. இப்ப தொடை வழியா வயர் விட்டு வயித்து நரம்ப அடைக்கணும்ங்கறாங்க. இது பெரிய ஆபரேஷனா? என் மாமாவுக்கு ரப்பர் பேண்ட் போட்டாங்களே, அது போதாதா? அப்பா சில நாள் பகல் ராத்திரி தெரியாம பேசுறார் வேற.
- யீஷூன் (சிங்கப்பூர்) வாசகி

பதில்: நரம்புன்னு நாம வாய்ப்பழக்கத்துல சொல்றது ரத்தக்குழாயத்தான்மா. ஈரல் கல்லு மாதிரி ஆனதும் குடல்லேர்ந்து வர்ற ரத்தம் உள்ள போக வழியில்லாம சந்து பொந்தத் தேடி ஓடும், வயித்து மேல் பக்கத்துல அது திராட்சைக் கொத்தாட்டம் வீங்கி நிக்கும். மாமாவுக்கு அனேகமா உணவுக்குழாய்ல இருந்திருக்கும், அங்க ரப்பர் பேண்ட் நல்லா நிக்கும், வயித்து மேல் பக்கத்துக் கொத்து பெருசு, பேண்ட் நழுவிட்டா ரத்தம் கொட்டிரும்.

இது வயித்தக் கிழிக்கிற ஆபரேஷன் இல்ல. நிறைய பேருக்கு அந்தக் கொத்துலேர்ந்து இடது கிட்னி ரத்தக்குழாய்க்கு ஒரு குறுக்கு வழி இருக்கும், சிடி ஸ்கேன்ல தெரியும். தொடையில சின்ன ஓட்டை போட்டு, எக்ஸ்ரேல பாத்துக்கிட்டே அந்த வழிக்குப் போய், வாசல்ல பலூன ஊதி மறிச்சு, உள்ள நுரை மருந்த விடுவாங்க, கொத்து உறைஞ்சு சுருங்கிரும். 1990கள்ல ஜப்பான்காரங்க பிரபலமாக்கின முறை. பலூன சில மணி நேரம், சில சமயம் ராத்திரி பூரா விட்டு வைக்கணும், அதுவரைக்கும் கால மடக்காம படுக்கிறதுதான் அப்பாவுக்குக் கஷ்டமா இருக்கும். இப்ப சில இடத்துல பலூனுக்குப் பதிலா பிளக் வச்சு அடைக்கிறாங்க, அதுல இந்தக் காத்திருப்பு இல்ல.

ஈரலுக்குள்ளயே ஸ்டென்ட் வச்சு ரத்தத்துக்குப் புது வழி போடுற டிப்ஸ் (TIPS)னு இன்னொரு முறை இருக்கு, அந்த ரத்தக்குழாய்க்குள்ள இருக்கிற பிரஷரக் குறைக்கும், ஆனா பகல் ராத்திரி தெரியாமப் பேசுற மாதிரியான தடுமாற்றத்த அதிகமாக்கலாம். அப்பா ஏற்கெனவே தடுமாறுறதால அத யோசிச்சுத்தான் செய்வாங்க. குறுக்கு வழிய அடைச்சா அந்தத் தடுமாற்றம் சிலருக்குக் குறையவும் செய்யும், அதனால உங்க டாக்டர் சொன்னது எனக்கு நியாயமாத்தான் படுது.

ஒரு சிக்கல் இருக்கு. அந்த வழிய மூடினா பிரஷர் வேற பக்கம் ஏறும், வயித்துல தண்ணி கோக்கலாம், உணவுக்குழாய்ல புதுசா வீங்கலாம். அதனால திரும்ப ஸ்கோப் எப்பன்னு இப்பவே கேட்டு வைங்க. டாக்டரக் கேக்காம எந்த வலி மாத்திரையும் குடுக்காதீங்க, முக்கியமா ஐபுப்ரோஃபென். மலம் தார் மாதிரி கறுப்பாப் போனாலோ ரத்த வாந்தி வந்தாலோ பாலிகிளினிக்குக்கு நம்பர் எடுத்துட்டு உக்காராதீங்க, ஆம்புலன்ஸுக்கு 995ல கூப்பிடுங்க.