அயர்லாந்தில் கவுன்சிலராக நிற்க இந்திய பாஸ்போர்ட் தடையா?

கேள்வி: டப்ளினில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். வந்து ஆறு வருடமாகிறது, இந்திய பாஸ்போர்ட்தான். இந்நாட்டின் முன்னாள் பிரதமர் லியோ வராத்கர் போல அரசியலுக்கு வர ஆசை. குடியுரிமையும் கட்சி சீட்டும் வாங்கித் தருவதாக நம் ஊர்க்காரர் ஒருவர் 2,000 யூரோ கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு சென்ட் கூடக் கொடுக்காதீர்கள். அவரால் எதையும் வாங்கித் தர முடியாது.

உள்ளாட்சித் தேர்தலில் நிற்கக் குடியுரிமையே தேவையில்லை. 18 வயது நிறைந்து அயர்லாந்தில் வசித்தால் போதும். போர்ட்லீஷில் 2004-இல் கவுன்சிலராகி, 2007-இல் நகர மேயரான ரொட்டிமி அடெபாரி 2000-இல் நைஜீரியாவிலிருந்து அடைக்கலம் கேட்டு வந்தவர். இந்த உரிமையை அரசு வீடு வீடாகச் சொல்லியிருந்தால் உங்கள் ஊர்க்காரருக்குப் பிழைப்பே இருந்திருக்காது. சொல்வதில்லை, அதுதான் என் கோபம்.

வராத்கர் விஷயம் வேறு. தந்தை மும்பை டாக்டர், தாய் ஐரிஷ் நர்ஸ். டப்ளினிலேயே பிறந்ததால் குடியுரிமை அவருக்கு ஒரு கேள்வியே இல்லை. அவர் ஏறி வந்த படிகளைப் பாருங்கள். 1999-இல், கல்லூரி மாணவராக இருக்கும்போதே கவுன்சிலுக்கு நின்று தோற்றார். 2003-இல் ஃபிங்கல் கவுன்சிலில் காலியான ஓர் இடத்துக்கு நியமிக்கப்பட்டார். 2004-இல் மக்கள் வாக்கிலேயே ஜெயித்தார். 2007-இல் டாயில், அதாவது நாடாளுமன்றக் கீழவை. 2011-இல் போக்குவரத்து, 2014-இல் சுகாதாரம், 2016-இல் சமூகப் பாதுகாப்பு என மூன்று துறைகளுக்கு அமைச்சர். 2017-இல் பிரதமர்.

டாயிலுக்கு நிற்க ஐரிஷ் குடியுரிமை கட்டாயம், வயதும் 21 ஆக வேண்டும். இதை நன்றாக யோசியுங்கள். ஐரிஷ் குடியுரிமை பெற்ற அன்றே இந்தியக் குடியுரிமை போய்விடும். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. பாஸ்போர்ட்டை ஒப்படைத்தாக வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை வாங்கலாம், ஆனால் அது குடியுரிமை ஆகாது. ஊரில் ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. அப்பா அம்மாவின் நிலம் உங்கள் பெயருக்கு வரவேண்டியிருந்தால், முதலில் ஊரில் ஒரு வக்கீலைக் கேளுங்கள். கவுன்சிலராக மட்டும் இருக்கப்போகிறீர்கள் என்றால் இந்தத் தலைவலியே வேண்டாம்.

அப்படியும் ஐரிஷ் குடியுரிமை வேண்டுமென்றால் விண்ணப்பத்துக்கு 175 யூரோ, அனுமதி வந்தபின் 950 யூரோ. இரண்டும் அரசுக்கே கட்டுவது. முடிவெடுப்பவர் நீதி அமைச்சர். வரிசையில் முன்னால் தள்ளிவிடும் ஆள் எவரும் கிடையாது. தாமதமாகிறது என்றால் உங்கள் தொகுதி டாயில் உறுப்பினரின் அலுவலகத்தில் போய்ச் சொல்லுங்கள். அவர் அமைச்சகத்துக்கு எழுதிக் கேட்பார், காசு கிடையாது.

கட்சி சீட்டும் விற்பனைக்கு இல்லை. உறுப்பினராகச் சேர்ந்து, உள்ளூர்க் கிளைக் கூட்டங்களுக்குப் போய் முகம் தெரிந்தவராக வேண்டும். வேட்பாளரைப் பெரும்பாலும் உறுப்பினர்கள் வாக்குப் போட்டுத்தான் தேர்ந்தெடுப்பார்கள். அதற்குப் பொறுமை இல்லையென்றால் சுயேச்சையாக நில்லுங்கள்.

அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 2029-இல். சரி, இந்த வாரமே வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உங்கள் பிபிஎஸ் எண்ணைக் (அரசுச் சேவைகளுக்கான தனிநபர் எண்) கொடுத்து ஆன்லைனில் நீங்களே சேர்த்துக்கொள்ளலாம், இலவசம்தான். இதற்கும் அவர் காசு கேட்பார், ஏமாறாதீர்கள்.