செக் தலைநகர் பிராகில் இருக்கும், எழுத்தாளர் காஃப்காவின் சுழலும் தலைச் சிற்பத்துக்கு நேரம் ஒதுக்க வேண்டுமா, போகிற வழியில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் போதுமா?

ஒதுக்குங்கள். குறைந்தது ஒரு மணி நேரம். பிராகில் ஒரு நாள்தான் இருக்கப்போகிறோம், கோட்டையும் சார்லஸ் பாலமும் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியிருந்தும் இதைத்தான் சொல்வேன்.

நான் ஜெர்மனியில் ட்ரெஸ்டனில் வேலை பார்க்கிறேன். பிராகுக்கு அங்கிருந்து ரயிலில் இரண்டரை மணி நேரம். முதல் தடவை தனியாகப் போனபோது நீங்கள் நினைக்கிற மாதிரிதான் பார்த்தேன். நாரோட்னி த்ரீடா மெட்ரோவிலிருந்து மேலே வந்தேன், அலுவலகக் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் சதுக்கத்தில் பளபளவென்று நின்ற தலையைப் படம் எடுத்தேன், ஐந்து நிமிஷத்தில் கிளம்பிவிட்டேன். அப்போது அது அசையாமல் இருந்தது. இன்னும் கொஞ்சம் நின்றிருக்க வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது.

இரண்டாம் தடவை அப்பாவை அழைத்துப் போனேன். அப்பா செங்கோட்டைக்காரர், தச்சர். நாற்பது வருஷம் மரப் பட்டறைகளில் வேலை பார்த்தவர். காஃப்கா யார் என்று அவருக்குத் தெரியாது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோதும் தலை சும்மாதான் நின்றது. மணி பன்னிரண்டு ஆனதும் அடுக்குகள் நகர ஆரம்பித்தன.

டேவிட் செர்னி என்ற செக் சிற்பி செய்தது, 2014இல் வைத்தார்கள். உயரம் ஏறத்தாழ 11 மீட்டர், எடை 39 டன். மொத்தம் 42 அடுக்குகள். முகத்தைக் கழுத்திலிருந்து உச்சி வரை குறுக்காகத் துண்டு துண்டாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தது போல இருக்கும். எல்லாம் துருப்பிடிக்காத எஃகு, கண்ணாடி மாதிரி மெருகு. தாடை இடப்பக்கம் போகும். மூக்கு அதை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் திரும்பும். நெற்றி பின்னந்தலை ஆகிவிடும். கொஞ்ச நேரத்தில் முகமே இருக்காது. வெறும் எஃகுத் தட்டுகள் புரண்டுகொண்டிருக்கும், சுற்றியுள்ள ஜன்னல்களும் வானமும் அவற்றில் வழுக்கி ஓடும். பிறகு எங்கிருந்தோ ஒரு கண் வந்து நிற்கும், அதைத் தேடி வாய் வரும், சட்டென்று ஒரு மனிதர் நம்மைப் பார்ப்பார்.

இணையத்தில் வருகிற படங்கள் எல்லாம் முகம் சேர்ந்திருக்கும் நேரத்தில் எடுத்தவை. முகம் கலைந்ததும் கூட்டம் போனைக் கீழே இறக்கிவிடுகிறது. என்னைக் கேட்டால் பார்க்க வேண்டியது அந்தக் கலைந்த நேரத்தைத்தான். ஆள் எங்கே போனார் என்று தேடிக்கொண்டே நிற்கிறோமே, அதுதான் இந்தச் சிற்பம்.

அப்பா முதலில் கேட்டது: "ஏல, ஒவ்வொரு தட்டுக்கும் தனித்தனி மோட்டாரால?"

"ஆமாப்பா, நாப்பத்திரெண்டும் தனித்தனியா ஓடும்."

"பெறவு எல்லாம் ஒரே எடத்துல வந்து நிக்கணும்னா கணக்கு தப்பவே கூடாதே" என்றார். அதற்கப்புறம் பேசவில்லை. தட்டுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் ஏன் அதைப் பார்த்தார் என்பது எனக்குத் தெரியும். 1991இல் ஒரு பட்டறையில் ஜன்னல் சட்டத்துக்கு வேங்கை மரம் இழைத்துக்கொண்டிருந்தபோது, கணு ஒன்றில் மாட்டிக் கட்டை எத்திவிட்டது. கை இழைப்பு மெஷினுக்குள் போய், வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதியோடு நின்றுபோயின. நஷ்டஈடு என்று யாரும் எதுவும் தரவில்லை. மூன்று மாதம் கழித்து அதே மெஷினில்தான் போய் நின்றார்.

அங்கே நின்றபடியேதான் காஃப்காவின் உத்தியோகத்தைப் பற்றி அவரிடம் சொன்னேன். ஒருவன் காலையில் கண் விழிக்கும்போது பூச்சியாகிக் கிடந்தான் என்று எழுதியவர் என்றுதான் நமக்கு அவரைத் தெரியும். அவருக்குச் சோறு போட்டது வேறு வேலை. சட்டம் படித்துவிட்டு, 1908 முதல் 1922 வரை பிராகில், அதைச் சுற்றியுள்ள போஹீமியாப் பகுதியின் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் இருந்தார். காலை எட்டு மணிக்குப் போனால் மதியம் இரண்டு வரை அலுவலகம், ராத்திரி எழுத்து. அந்த நிறுவனத்தின் 1909ஆம் ஆண்டு அறிக்கையில் அவர் எழுதிய ஒரு பகுதி மர இழைப்பு மெஷின்களைப் பற்றியது. சதுரத் தண்டில் கத்திகளைத் திருகி வைத்தால் தண்டுக்கும் மேஜை விளிம்புக்கும் நடுவே பெரிய இடைவெளி விழுகிறது, கட்டை எத்தும்போது கை அந்த இடைவெளிக்குள்தான் போகிறது என்று விளக்கியிருக்கிறார். உருண்டைத் தண்டு வைத்தால் இடைவெளி சிறுத்துவிடும், கை பட்டாலும் கீறலோடு போய்விடும் என்கிறார். விரல் போன கைகளின் படங்களும் அதில் உண்டு.

அப்பா கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "நாங்க வேலை பாத்தது சதுரக் கட்டர்லதான். என்ன வருசம்னு சொன்ன?"

"எழுதி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்துல அச்சாயிருக்குப்பா."

"எம்பது வருசம் முன்னாடியே தெரிஞ்சிருக்கு."

இதை சர்ரியலிசச் சிற்பம் (கனவையும் ஆழ்மனத்தையும் நம்பிப் படைத்த கலை இயக்கம் அது) என்கிறார்களே, காஃப்கா அந்த இயக்கத்தைச் சேர்ந்தவரா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. அவர் காசநோயால் இறந்தது 1924 ஜூனில்; பாரிஸில் அந்த இயக்கத்தைத் தொடங்கிய ஆந்த்ரே ப்ரெத்தோனின் சர்ரியலிச அறிக்கை வந்தது அதே வருஷம் அக்டோபரில். அவர் கனவுகளை நம்பி எழுதியவர் என்பதைவிட, கனவு போலக் குரூரமான நிஜங்களைத் தினமும் கோப்புகளில் படித்தவர் என்று சொல்வது எனக்குச் சரியாகப் படுகிறது. அதனால்தான் இந்தத் தலை ஒரு மெஷினாகவே இருப்பது எனக்குப் பிடிக்கிறது. வெண்கலத்தில் தொப்பியும் கோட்டுமாக ஒரு மனிதரை வார்த்து நிறுத்தியிருந்தால் இப்படி இருந்திருக்காது. (அப்படியும் ஒன்று உண்டு. ஸ்பானிஷ் யூத ஆலயத்துக்குப் பக்கத்தில் யாரோஸ்லாவ் ரோனா செய்த 2003ஆம் ஆண்டுச் சிலை. தலையும் கையும் இல்லாத காலிக் கோட்டின் தோளில் காஃப்கா உட்கார்ந்திருப்பார். அதுவும் நல்ல வேலைதான், நேரமிருந்தால் பாருங்கள்.)

நீங்கள் போவதானால் முழு மணியை ஒட்டிப் போங்கள், ஓட்டம் தொடங்குவதிலிருந்து பார்க்கலாம். டிக்கெட் கிடையாது, திறந்தவெளி. ஒரே இடத்தில் நிற்காமல் ஒரு சுற்று நடந்து பாருங்கள். வெயில் நாளில் எஃகு கண்ணைக் கூசவைக்கும், நிழலில் நில்லுங்கள்.

அங்கிருந்து நா பொர்ஷீச்சி தெருவுக்கு இருபது நிமிஷ நடை. 7ஆம் எண் கட்டடம்தான் காஃப்காவின் அலுவலகம், இப்போது ஹோட்டல். அப்பா அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்றார். வாசலில் நின்று மாடி ஜன்னல்களை அண்ணாந்து பார்த்தார். எந்த ஜன்னல் என்று கேட்டார், எனக்குத் தெரியவில்லை. உள்ளே போகலாமா என்றேன், வேண்டாம் என்றார்.

"அந்த ரிப்போர்ட்டு செங்கோட்டைக்கு வந்து சேரவே இல்லையேல" என்றார்.

பாலத்துக்கு அன்றைக்குப் போகவில்லை. திரும்பவும் தலையிடமே போய், ரயிலுக்கு நேரமாகும்வரை இன்னும் ஒரு ஓட்டம் பார்த்தோம். அப்பா இந்தத் தடவை பாதி விரல்களோடு கையைத் தூக்கி, எந்தத் தட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று எனக்கு முன்கூட்டியே காட்டிக்கொண்டிருந்தார்.