சிறிய தையல்கடையில் கழிவைக் குறைப்பது எப்படி?

சிறிய தொழில் நடத்துபவர்கள் கழிவைக் குறைக்கவும் மிஞ்சும் பொருளைத் திரும்பப் பயன்படுத்தவும் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கொழும்பு வெள்ளவத்தையில் மூன்று தையல் மெஷின்களோடு கடை நடத்துகிறேன். எனக்குத் தெரிந்த தொழிலை வைத்தே பதில் சொல்கிறேன்.

2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாளன்று, மீதொட்டமுல்லக் குப்பை மேடு சரிந்து வீடுகளை மூடியதில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கொழும்பின் குப்பைதான் அங்கே மலையாகக் குவிந்திருந்தது. என் கடை வாசலில் நான் வைத்த மூட்டைகளும் அதில் சேர்ந்திருக்கும் என்ற எண்ணம் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை.

அந்த வருடம் ஒரு கிழமைக் கழிவை வீசாமல் தரையில் கொட்டிப் பிரித்துப் பார்த்தேன். நூலும் தூசியும்தான் அதிகம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஆனால் பாதிக்கு மேல் உள்ளங்கையை விடப் பெரிய துண்டுகளாக இருந்தன. அப்படியானால் கழிவு மெஷினில் உண்டாகவில்லை, வெட்டு மேசையில் உண்டாகிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு சட்டையாக வெட்டுவதை நிறுத்தி, ஒரே துணியில் வரும் சட்டைகளைச் சேர்த்து வைத்து, உடல் பாகங்களை மேலும் கீழுமாக மாற்றி அடுக்கி, இடையில் வரும் வெற்றிடத்தில் கையையும் கழுத்துப் பட்டியையும் பொருத்திய பின்னரே கத்தரி வைக்கிறோம். வெல்வெட்டையும் ஒரு பக்கம் பார்த்த பூ வேலையுள்ள துணியையும் இப்படித் திருப்பி அடுக்க முடியாது. அவற்றைத் தனியாகவே வெட்ட வேண்டும்.

சாறிச் சட்டையின் பக்கத் தையலில் உள்ளே ஓர் அங்குலம் கூடுதலாக விடுகிறோம். உடம்பு பெருத்தால் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம் என்பதால் அந்தச் சட்டை இன்னும் சில வருடங்கள் உடுக்கப்படும். என் பார்வையில் இதை விடப் பெரிய மறுபயன்பாடு தையற்காரரிடம் இல்லை. வாடிக்கையாளர் கொண்டுவந்த துணியில் மிஞ்சுவது அவருடையது என்பதால், அதைச் சட்டையோடு மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம்.

அவர்கள் வேண்டாம் என்று விட்டுச் செல்வதை நூலின் வகைப்படி பிரிக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் ஓர் இழையைக் கொளுத்திப் பாருங்கள்: பருத்தி காகிதம் எரியும் மணத்தோடு சாம்பலாகும், பொலியஸ்டர் உருகிக் கட்டியாக இறுகும். பருத்தி எண்ணெயை நன்றாக உறிஞ்சும் என்பதால் வாகனத் திருத்தகங்களில் கை துடைக்க அதற்குத் தேவை உண்டு. பொலியஸ்டர் துண்டுகளைப் பொடியாக நறுக்கித் திண்டுக்குள் அடைக்கலாம். கையகலத் துண்டுகளைச் சாய்வாகக் கீறி, முனையோடு முனை இணைத்தால், உடுப்பின் ஓரத்தில் வைத்துத் தைக்கும் பைப்பிங் பட்டி கிடைக்கும். ஆனால் முதலில் துவைத்துச் சாயம் போகிறதா என்று பாருங்கள். நான் ஒருமுறை துவைக்காத சிவப்புத் துண்டைப் பைப்பிங்குக்கு வைத்து, ஒரு பிள்ளையின் வெள்ளைச் சட்டையைப் பாழாக்கி, என் செலவில் புதிதாகத் தைத்துக் கொடுத்தேன்.

இலங்கையில் கடைகள் பொலித்தீன் பையை இலவசமாகக் கொடுக்கக் கூடாது என்ற விதி 2025 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. லைனிங் துணியின் நீள மிச்சங்களில் தைத்த பைகளில்தான் நாங்கள் உடுப்புகளைக் கொடுக்கிறோம். அடுத்த தையலுக்கு வரும்போது பலர் அதே பையில் துணி கொண்டுவருகிறார்கள்.

துணியின் ஓரம் பிரியாமல் வெட்டித் தைக்கும் ஓவர்லொக் மெஷின் கக்கும் கலப்பு நூல் தூசிக்கு மட்டும் நான் இன்னும் வழி காணவில்லை. அதை ஈரம் படாமல் தனிப் பையில் கட்டி மாநகரசபை வண்டிக்குக் கொடுக்கிறேன்.