காப்பீட்டு அட்டை தொலைந்தால்: கேள்விகளும் பதில்களும்

சிங்கப்பூரில் மருத்துவமனை அட்மிஷன் கவுண்டரிலும் பில்லிங் பிரிவிலும் வேலை பார்த்தவள் நான். அட்டையைத் தொலைத்துவிட்டுப் பதறிப்போய் நிற்பவர்களை அங்கே நிறையப் பார்த்திருக்கிறேன். வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன். அதற்கு முன் இரண்டு விஷயம். அட்டை இல்லை என்பதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். இன்னொருவருடைய அட்டையைக் காட்டாதீர்கள்.

ஈசூனிலிருந்து: அக்கா, பர்ஸ் தொலைந்துவிட்டது. கம்பெனி கொடுத்த இன்சூரன்ஸ் கார்டும் ஐசியும் (அடையாள அட்டை) அதில்தான் இருந்தன. இன்று காய்ச்சல் வேறு. கம்பெனிக் காப்பீட்டில் சேர்ந்த பேனல் கிளினிக்குக்கு எப்படிப் போவது?

இன்றைக்கே போகலாம். பல கம்பெனிக் காப்பீடுகளுக்கு இப்போது செயலியிலேயே மின் அட்டை இருக்கிறது. கம்பெனியில் சேர்ந்தபோது வந்த மின்னஞ்சலைத் தேடிப் பாருங்கள், செயலியின் பெயர் அதில் இருக்கும். அது கிடைக்காவிட்டால் சிங்பாஸ் (அரசாங்கச் சேவைகளில் நுழைவதற்கான மின் அடையாளம்) செயலியில் உள்ள மின் ஐசியைக் கிளினிக்கில் காட்டி, கம்பெனி பெயரைச் சொல்லுங்கள். நீங்கள் பட்டியலில் இருக்கிறீர்களா என்று அவர்களே பார்த்துவிடுவார்கள், இல்லையென்றால் போன் போட்டுக் கேட்பார்கள்.

அதுவும் முடியவில்லை என்றால் கையிலிருந்து கட்டிவிட்டு, பிறகு கிளெய்ம் செய்யுங்கள். ரசீதில் ஆலோசனைக் கட்டணம், மருந்து, பரிசோதனை எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். மொத்தத் தொகை மட்டும் போட்ட சீட்டோடு வந்தால் கிளெய்ம் இழுத்துக்கொண்டே போகும். மருத்துவ விடுப்புச் சீட்டின் நகலையும், சிறப்பு மருத்துவரிடம் அனுப்பினால் அந்தப் பரிந்துரைக் கடிதத்தையும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐசியைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். தொலைந்த 28 நாளுக்குள் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தின் இணையத்தளத்தில் தெரிவிக்க வேண்டும். மாற்று அட்டைக்குக் கட்டணம் உண்டு, மறுபடி தொலைந்தால் அது இன்னும் கூடும். இன்சூரன்ஸ் கார்டுக்கு ஹெச்ஆருக்கு ஒரு மின்னஞ்சல் போதும்.

அங் மோ கியோவிலிருந்து: மெடிஷீல்டு லைஃப் அட்டை தொலைந்துவிட்டது. புதிது எங்கே வாங்குவது?

மெடிஷீல்டு லைஃப் என்பது அரசாங்கத்தின் அடிப்படை மருத்துவக் காப்பீடு, அதற்கு அட்டை கிடையாது. 2015 நவம்பர் 1 முதல் எல்லாக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் தானாகவே அதில் இருக்கிறார்கள். ஏற்கெனவே நோய் இருப்பவர்களும் சேர்த்துத்தான். மருத்துவமனையில் ஐசி எண்ணைக் கொடுத்தால் கிளெய்மை அவர்களே அனுப்புவார்கள். நீங்கள் தொலைத்தது வேறு ஏதோ அட்டை. சாஸ் அட்டையா (தனியார் கிளினிக்கில் அரசாங்கச் சலுகை தரும் அட்டை), கம்பெனி அட்டையா என்று பாருங்கள்.

துவாஸ் தங்குவிடுதியிலிருந்து: அக்கா, ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் பர்ஸ் போயிடுச்சு. வொர்க் பெர்மிட் கார்டு அதில்தான் இருந்தது. இடுப்பு வலி தாங்க முடியவில்லை. ரூமில் இருக்கும் நண்பர் தன் கார்டைத் தருகிறேன் என்கிறார். முதலாளியிடம் சொன்னால் சம்பளத்தில் பிடிப்பாரோ என்று பயம்.

தம்பி, அந்தக் கார்டை வாங்காதீர்கள். அவர் நல்ல மனதோடுதான் தருகிறார், தெரியும். ஆனால் அவர் பெயரில் நீங்கள் மருத்துவரைப் பார்த்தால் உங்கள் ரத்தப் பரிசோதனை, உங்களுக்குக் கொடுத்த மருந்து, உங்கள் ஒவ்வாமை எல்லாம் அவருடைய மருத்துவப் பதிவில் ஏறிவிடும். நாளை அவர் மயங்கிய நிலையில் வந்தால் மருத்துவர் அந்தப் பதிவைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார். இப்படிக் கலந்துபோன இரண்டு பேரின் பதிவைப் பிரிக்க நாங்கள் பட்ட பாட்டை இன்னும் மறக்கவில்லை. அடுத்தவர் கார்டைக் காட்டுவது சட்டப்படியும் குற்றம். பிடிபட்டால் இரண்டு பேருடைய பெர்மிட்டுக்கும் ஆபத்து.

உங்களை அடையாளம் காட்டுவது உங்கள் ஃபின் எண், அதாவது வெளிநாட்டவருக்கு அரசாங்கம் கொடுக்கும் அடையாள எண். அது கார்டோடு தொலையவில்லை. உங்களிடம் சிங்பாஸ் இருந்தால் 'எஸ்ஜி வொர்க்பாஸ்' செயலியில் நுழையுங்கள், உங்கள் பெர்மிட் மின்வடிவில் தெரியும். பாஸ்போர்ட் கையில் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

தங்குவிடுதியில் இருப்பவர்களுக்கு 2022 ஏப்ரல் முதல் அடிப்படை மருத்துவத் திட்டம் ஒன்று இருக்கிறது. முதலாளி அதை வாங்கியே ஆக வேண்டும். உங்கள் வட்டாரத்தில் வெளிநாட்டு ஊழியர்களுக்கான மருத்துவ நிலையத்துக்குப் போனால் ஒரு முறைக்கு 5 வெள்ளி (டாலர்), போன் வழியாக மருத்துவரைப் பார்த்தால் 2 வெள்ளி. அவ்வளவுதான் நீங்கள் கட்ட வேண்டியது. மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் அதற்குத் தனிக் காப்பீடு. 2023 ஜூலை 1 முதல் ஒவ்வொரு பெர்மிட், எஸ் பாஸ் (நடுத்தரத் திறனாளர்களுக்கான வேலை அனுமதி) ஊழியருக்கும் வருடத்துக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு முதலாளி காப்பீடு எடுக்க வேண்டும். முன்பு அது 15,000 வெள்ளிதான். உங்கள் மருத்துவச் செலவு முதலாளியின் பொறுப்பு, பெர்மிட் நிபந்தனையிலேயே இருக்கிறது. கார்டு தொலைந்ததால் அந்தப் பொறுப்பு போய்விடாது.

இன்னொன்று, இதுதான் முக்கியம். இடுப்பு வலி எப்படி வந்தது? வேலையில் பாரம் தூக்கும்போது பிடித்திருந்தால் மருத்துவரிடம் அதை அப்படியே சொல்லுங்கள். எந்த நாள், எந்த சைட், என்ன தூக்கினீர்கள், யார் பக்கத்தில் இருந்தார்கள், எல்லாவற்றையும் சொல்லுங்கள். வேலையிடக் காயத்துக்கு வேறு சட்டம், வேறு இழப்பீடு. விபத்து நடந்து ஒரு வருடத்துக்குள் கோர வேண்டும். "சும்மா வலிக்குது" என்று எழுதவிட்டு, பிறகு மாற்றிச் சொன்னால் யாரும் லேசில் நம்ப மாட்டார்கள்.

புதுக் கார்டுக்கு மனிதவள அமைச்சில் விண்ணப்பிக்க வேண்டியது முதலாளி. அதனால் அவரிடம் இன்றே சொல்லுங்கள், வாயால் மட்டும் போதாது, மெசேஜாகவும் அனுப்புங்கள். மிரட்டினாலோ, மருத்துவரிடம் போக விடாவிட்டாலோ வெளிநாட்டு ஊழியர் நிலையத்தை 6536 2692 என்ற எண்ணில் கூப்பிடுங்கள். கார்டு வந்த பிறகு அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அதை வாங்கி வைத்துக்கொள்ள யாருக்கும் உரிமையில்லை.

பிடோக்கிலிருந்து: அம்மாவுக்கு 78 வயது. சாஸ் அட்டையும் முன்னோடித் தலைமுறை அட்டையும் காணவில்லை. அவரிடம் ஸ்மார்ட்ஃபோன் இல்லை. சலுகை போய்விடுமா?

போகாது. முன்னோடித் தலைமுறைச் சலுகை அம்மா பிறந்த வருடத்தையும் குடியுரிமையையும் வைத்து வருவது. 1949 டிசம்பர் 31க்குள் பிறந்து, 1986 டிசம்பர் 31க்குள் குடியுரிமை பெற்றவர்களுக்கு அது வாழ்நாள் முழுக்க உண்டு. பலதுறை மருந்தகத்தில் ஐசியைக் கொடுத்தாலே கணினியில் தெரியும். சாஸ் கிளினிக்கிலும் ஐசியைக் கொடுங்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மருந்து வாங்கும் முன்பே சலுகை கழித்தாயிற்றா என்று கேளுங்கள், பில் போட்ட பிறகு திருத்துவது எல்லோருக்கும் சிரமம். சந்தேகம் இருந்தால் சாஸ் தொலைபேசி 1800 275 2427. அம்மாவின் ஐசியை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

தோ பாயோவிலிருந்து: மெடிஷீல்டு அட்டைக்கு மத்திய சேமநிதிக் கழகத்துக்குப் போக வேண்டுமா?

அட்டையே கிடையாது. அங் மோ கியோ வாசகருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

செங்காங்கிலிருந்து: புது இன்சூரன்ஸ் கார்டுக்கு ஐசியின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து டிபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

போடாதீர்கள். உங்களை வேலைக்கு எடுத்தபோதே ஹெச்ஆருக்கு உங்கள் விவரம் போய்விட்டது. ஒரு கார்டை மறுபடி அச்சடிக்க ஐசியின் படம் எதற்கு? அதுவும் குழுவில் எதற்கு? பெயரையும் ஊழியர் எண்ணையும் ஹெச்ஆருக்குத் தனியாக அனுப்புங்கள்.

பொங்கோலிலிருந்து: அக்கா, தேவையில்லாமல் பயமுறுத்துகிறீர்கள். 2024 டிசம்பரில் அரசாங்கமே ஐசி எண் ரகசியம் இல்லை என்று சொல்லிவிட்டதே?

சொன்னது உண்மை. நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசாங்க அமைப்பான அக்ராவின் புதிய பிஸ்ஃபைல் தளத்தில் தேடினால் முழு ஐசி எண்ணும் தெரிந்தது, ஊரே கொதித்தது, அப்போது வந்த விளக்கம் அது. ஆனால் முழுதாகப் படியுங்கள். எண் என்பது பெயர் மாதிரி, ஆளைக் குறிப்பிடத்தான். பேசுபவர் அவர்தான் என்று நிரூபிக்க அதைப் பயன்படுத்தக் கூடாது, கடவுச்சொல்லாக வைக்கவே கூடாது. அவர்கள் சொன்னது இது. "எங்கே வேண்டுமானாலும் போடுங்கள்" என்று யாரும் சொல்லவில்லை. ஐசி எண்ணையும் பிறந்த தேதியையும் சேர்த்துக் கடவுச்சொல்லாக வைக்கும் பழக்கம் பல நிறுவனங்களில் இருந்ததால்தான், அதை நிறுத்தச் சொல்லி 2025ல் தனியாக ஓர் அறிவுரை வந்தது.

பொங்கோலிலிருந்து மறுபடி: மருத்துவமனைக் கவுண்டரிலும் ஐசியை வாங்கித்தானே பதிகிறீர்கள்? அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நல்ல கேள்வி. 2019 செப்டம்பர் 1 முதல் தனியார் நிறுவனங்கள் சட்டம் கேட்டாலோ, ஆளைத் துல்லியமாக உறுதிப்படுத்த வேண்டியிருந்தாலோ மட்டும்தான் ஐசி விவரத்தை வாங்கலாம். சிகிச்சை அப்படிப்பட்ட இடம். ஒரே பெயரில் ஐந்து பேர் வருவார்கள், தவறான ஆளுக்கு ஊசி போய்விடக் கூடாது. கவுண்டரில் இருப்பவர் உங்கள் முகத்தையும் அட்டையையும் சேர்த்துப் பார்க்கிறார், பிறகு அட்டையை உங்களிடமே திருப்பித் தருகிறார். வாட்ஸ்அப்பில் போட்ட படம் திரும்பி வராது. குழுவில் இருக்கும் ஒவ்வொருவர் போனிலும் உட்கார்ந்திருக்கும், அவர்கள் வேலையை விட்டுப் போன பிறகும். அந்தப் படத்தில் எண் மட்டுமா இருக்கிறது? முன்பக்கம் முகம், இனம், பிறந்த தேதி. பின்பக்கம் வீட்டு முகவரி, கைரேகை.

உட்லண்ட்ஸிலிருந்து: இடையில் வருவதற்கு மன்னிக்கவும். போன மாதம் என் மாமாவுக்கு ஒருவர் போன் செய்து, "உங்கள் இன்சூரன்ஸ் கிளெய்ம் பணம் வந்திருக்கிறது" என்றார். ஐசி எண், பிறந்த தேதி, புளோக் நம்பர் எல்லாம் சரியாகச் சொன்னார். மாமா நம்பி ஓடிபியைக் கொடுத்துவிட்டார்.

பொங்கோல் நண்பரே, இதைப் படியுங்கள். எண் மட்டும் கையில் இருந்தால் யாரும் பணத்தை எடுத்துவிட முடியாது. ஆனால் அது நம்பிக்கையை வாங்கிக் கொடுக்கிறது. எல்லா விவரமும் சரியாகச் சொல்பவர் உண்மையான அதிகாரியாகத்தான் இருப்பார் என்று வயதானவர்கள் நினைத்துவிடுகிறார்கள்.

உட்லண்ட்ஸ், மாமாவின் வங்கிக் கணக்கு முடக்கியாயிற்றா? சிங்பாஸ் கடவுச்சொல்லை மாற்றியாயிற்றா? போலீஸ் புகார் கொடுத்தாயிற்றா? இல்லையென்றால் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் இப்போதே செய்யுங்கள். இனி சந்தேகமான அழைப்பு வந்தால் 1799க்குக் கூப்பிட்டுக் கேட்கலாம், அது ஸ்கேம்ஷீல்டு எண். கிளெய்ம் பணம் தருவதற்கு யாரும் ஓடிபி கேட்க மாட்டார்கள்.

பொங்கோலிலிருந்து: சரி அக்கா, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எண்ணை மட்டும் ஹெச்ஆருக்கு அனுப்பினால்கூடத் தவறா?

தவறில்லை. கேட்பவர் ஹெச்ஆர்தானா என்று உறுதி செய்துகொண்டு, தனியாக அனுப்புங்கள். நான் வேண்டாம் என்பது அட்டையின் படத்தைத்தான். இதை இத்தோடு விடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கிளமெண்டியிலிருந்து: அப்பாவுக்கு நாளை மறுநாள் அறுவை சிகிச்சை. தனியார் ஷீல்டு திட்டம் இருக்கிறது என்பார். எந்த நிறுவனம் என்று அவருக்கே நினைவில்லை, அட்டையும் பாலிசியும் கிடைக்கவில்லை.

அவருடைய சிங்பாஸ் மூலம் மத்திய சேமநிதித் தளத்தில் நுழைந்து சுகாதாரக் காப்பீட்டுப் பகுதியைப் பாருங்கள். ஒருங்கிணைந்த ஷீல்டு திட்டம் இருந்தால் நிறுவனத்தின் பெயர் அங்கேயே இருக்கும், ஏனென்றால் அது மெடிஷீல்டு லைஃபின் மேல் கட்டிய திட்டம். பெயர் தெரிந்ததும் அந்த நிறுவனத்தைக் கூப்பிட்டு, மருத்துவமனைக்கு உத்தரவாதக் கடிதம் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைத்தால் முன்பணம் கட்ட வேண்டியதில்லை, அல்லது குறையும். ஒரு எச்சரிக்கை: உத்தரவாதக் கடிதம் வந்துவிட்டால் கிளெய்ம் முழுதும் கிடைத்துவிடும் என்று அர்த்தமில்லை. காப்பீடு கொடுக்கத் தொடங்கும் முன் நீங்களே கட்ட வேண்டிய முதல் தொகையும் (டிடக்டிபிள்), மீதியில் உங்கள் பங்கும் பிறகு பில்லில் வரும். நாளை காலையிலேயே மருத்துவமனை பில்லிங் பிரிவுக்கும் போன் செய்துவிடுங்கள், அறுவை சிகிச்சை அன்று காலையில் கவுண்டரில் நின்று தேட வேண்டாம்.

புக்கிட் பாத்தோக்கிலிருந்து: ஊரிலிருந்து அத்தை விசிட் பாஸில் வந்திருக்கிறார். டிராவல் இன்சூரன்ஸ் தாளைத் தொலைத்துவிட்டார்.

வாங்கிய இடத்திலிருந்து மின்னஞ்சலில் மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். பாலிசி எண்ணும் அவர்களின் 24 மணி நேர உதவி எண்ணும் இருந்தால் போதும். உடம்பு சரியில்லாமல் போனால் முதல் போன் அந்த எண்ணுக்கு. ஆபத்தான நிலை என்றால் முதலில் 995. வருகையாளருக்கு மெடிஷீல்டும் இல்லை, மானியமும் இல்லை, அதனால் அந்தத் தாளை அலட்சியமாக விடாதீர்கள்.

ஹவ்காங்கிலிருந்து: குழந்தை பிறந்து மூன்று வாரம். மெடிஷீல்டு லைஃப் அட்டை இன்னும் தபாலில் வரவில்லை.

வராது. அப்படி ஓர் அட்டை இல்லை, குழந்தைக்கும் இல்லை. குடியுரிமையுள்ள குழந்தைக்குப் பிறந்த அன்றே காப்பீடு தொடங்கிவிட்டது. பிறப்புச் சான்றிதழ் எண்தான் அடையாளம், சான்றிதழும் 2022 மே மாதத்திலிருந்து மின்வடிவில்தான். இந்தக் கேள்விக்கு இனிப் பதில் எழுத மாட்டேன்.

ஜூரோங்கிலிருந்து: தஞ்சாவூரில் அப்பாவின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை தொலைந்துவிட்டது. இங்கிருந்தே ஏதாவது செய்யலாமா?

அது என் துறை இல்லை. குடும்ப அட்டையோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள திட்ட மையத்துக்கு அப்பாவைப் போகச் சொல்லுங்கள்.

செம்பவாங்கிலிருந்து: எந்த ஷீல்டு திட்டம் நல்லது?

உரிமம் பெற்ற நிதி ஆலோசகரிடம் கேளுங்கள்.

பாசிர் ரிஸிலிருந்து: எங்கள் பணிப்பெண்ணின் பெர்மிட் கார்டு தொலைந்துவிட்டது. இன்சூரன்ஸ் செல்லுமா? அவருக்கு வயிற்று வலி. கார்டு வந்த பிறகு மருத்துவரிடம் கூட்டிப்போகலாம் என்று கணவர் சொல்கிறார்.

இன்றே கூட்டிப்போங்கள். காப்பீடு அவருடைய பெர்மிட் எண்ணோடு பதிவாகியிருக்கிறது, அட்டை எங்கே கிடந்தாலும் அது செல்லும். பாஸ்போர்ட்டையும், உங்கள் பாலிசியில் உள்ள எண்ணையும் எடுத்துக்கொள்ளுங்கள். பொது மருத்துவர் பார்க்கும் செலவுக்கு அந்தக் காப்பீட்டில் பணம் வராமல் போகலாம், அப்போதும் கட்ட வேண்டியது நீங்கள்தான், அவர் சம்பளத்தில் பிடிக்காதீர்கள். மாற்று அட்டைக்கு மனிதவள அமைச்சின் தளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், அதை இரவு வீட்டுக்கு வந்து செய்துகொள்ளுங்கள்.